சண்டை இருக்கட்டும், ஆளைத் தூக்காதீர்கள்

கொழும்பில் தமிழ் டிவி ரசிகர் குரூப்புகளை நடத்தும் அட்மின் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். இதை குரூப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்று நீங்கள் போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை. அதனால் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதுகிறேன். குரூப்பின் பெயரும் வராது, ஆட்களின் பெயரும் வராது. உள்ளே இருப்பவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று விளங்கும். மற்றவர்களுக்கு விளங்காவிட்டாலும் பாதகமில்லை. அவரவர் குரூப்பிலும் இதே கூத்துத்தான் நடந்திருக்கும்.

விஷயம் இதுதான். காலையில் எழும்பியதும் அன்றைக்கு எந்தச் செனலில் எத்தனை மணிக்கு என்ன என்று பொறுமையாக டைப் பண்ணிப் போடும் அக்கா ஒருவர் இருந்தார். ஒரு ராத்திரி அவருக்கும் இன்னொருவருக்கும் வாய்த்தர்க்கம். விடிந்து பார்த்தால் அக்கா குரூப்பில் இல்லை. ஏன் என்று கேட்டவர்களின் மெசேஜ்களும் இல்லை. அட்மின் அழித்துவிட்டார் என்று சொல்லும் சாம்பல் நிற வரிகள்தான் வரிசையாகக் கிடந்தன. மத்தியானத்துக்குள் குரூப்பையே பூட்டிவிட்டீர்கள். "எல்லோரும் கொஞ்சம் அமைதியாக இருப்போம்" என்று கும்பிடும் கை இரண்டு போட்டு ஒரு அறிவித்தல் மட்டும் வந்தது.

சண்டை வந்ததைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. சண்டை பிடிக்கத்தானே அந்த குரூப்பில் இருக்கிறோம். நாடகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா படுக்கப் போகக்கூடிய ஆட்களாக இருந்தால் நமக்கு எதற்கு குரூப்? நீங்கள் சண்டையை நிறுத்துகிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நம்முடைய குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் எல்லோரும் கனடாவுக்குப் போய்விட, வெள்ளவத்தை ஃபிளாட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர். ஜிந்துப்பிட்டியில் சலூன் வைத்திருப்பவர். புறக்கோட்டை மொத்தக் கடையில் கணக்கெழுதும் ஹட்டன் பையன். மட்டக்குளியில் வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் அம்மா. தமிழ் நாடகம் என்றால் உயிரை விடும் தெமட்டகொடை ராத்தா. வெளியில் இருப்பவர்கள் கொழும்புத் தமிழ் ஆட்கள் என்று எல்லோரையும் ஒரே பெயரில் முடித்துவிடுவார்கள். ஆனால் இந்த ஆட்கள் தினமும் ஒருவரோடு ஒருவர் பேசுகிற இடம் இந்த நகரத்தில் வேறு எங்கே இருக்கிறது? கோயிலில் கண்டால் தலையாட்டுவோம். கலியாண வீட்டில் கண்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். ஒரு வில்லியின் மேல் ஆத்திரப்பட்டு ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் சேர்ந்து திட்டுவது அந்த குரூப்பில் மட்டும்தான். 2019 ஈஸ்டர் ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்று, வட்ஸ்அப்பையும் ஃபேஸ்புக்கையும் அரசாங்கம் முடக்கியபோது, விபிஎன் போட்டு உள்ளே வந்து "கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சரியா?" என்று முதலில் கேட்டது டிவி ரசிகர்கள்தான். உறவுக்காரர்களின் குரூப்பில் அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். அப்படியான இடத்தில் ஒரு ஆள் இல்லாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

டிவியால் சண்டை வருவது போனோடு வந்த வியாதியும் இல்லை. 1979 ஏப்ரலில் ஐடிஎன் செனல் தொடங்கியது, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. அந்தக் காலத்தில் ஒரு லேனில் டிவி இருக்கிற வீடு ஒன்றோ இரண்டோதான். மற்றவர்கள் எல்லாம் அந்த வீட்டு ஹோலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள் என்று அம்மா சொல்லுவார். யாருடைய தலை மறைக்கிறது, அன்டெனாவை யார் ஏறித் திருப்புவது என்று அங்கும் தினமும் வாய்ச்சண்டைதான். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் டிவியை நிறுத்திவிடுவார். ஆனால் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் அவர் நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அடுத்த நாள் காலை பைப்படியில் அதே ஆட்களைச் சந்திக்கவும் வேண்டும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் ஒன்றும் இல்லை. கட்டிலில் படுத்தபடி பெருவிரலால் ஒருவரை வெளியே போட்டுவிடலாம்.

நம்முடைய சண்டைகளில் பாதி, நேரத்தால் வருவது. 1996இலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தை முந்தி ஓடியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலம். சென்னையில் ஒன்பது மணி நாடகம் என்றால் டிஷ் வைத்திருந்தவர்களுக்கு இங்கே ஒன்பதரை. குரூப்பில் ஒரு ஐயா இன்னமும் "இந்திய நேரம் எட்டரை" என்றுதான் எழுதுவார். அதைத் திருத்தப்போன தம்பி ஒருவரிடம் ஐயா படிப்பை விசாரிக்க, தம்பி ஐயாவின் வயதை விசாரிக்க, அன்றைக்கும் பெரிய ரகளை. கடைசியில் ராத்தா வந்து, "ரெண்டும் ஒரே எட்டரைதானே, எதுக்கு அடிபடுறீங்க?" என்று கேட்டதோடு எல்லோரும் சிரித்து முடிந்தது. அட்மின் யாரும் தலையிடவில்லை. தலையிட்டிருந்தால் ஐயா கோபித்துக்கொண்டு போயிருப்பார், அவ்வளவுதான்.

2022 மின்வெட்டுக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு ஊரைப் பிரித்து வெட்டினார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது. கொட்டாஞ்சேனையில் கரண்ட் இருக்கும்போது தெஹிவளையில் இருக்காது. பார்த்தவர் கதையைப் போட்டு உடைப்பார், பார்க்காதவர் கொதிப்பார். காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்று நொந்த ஆட்கள், அந்த நாளில் மிச்சமிருந்த ஒரே ஒரு சந்தோஷத்தையும் இன்னொருவர் கெடுத்துவிட்டார் என்றால் சும்மா விடுவார்களா? நீங்கள் இப்போது தூக்கிய அந்த அக்காதான் அன்றைக்கு ஒரு வழி செய்தார். கரண்ட் இல்லாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கி எழுதுவார். மேலே 'கதை உள்ளே இருக்கு, பார்க்காதவங்க தாண்டிப் போங்க' என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிக்கு ஒரு புள்ளியாக நிறையப் புள்ளிகள். அதற்கும் கீழேதான் கதை. நீளமான மெசேஜை வட்ஸ்அப் மடித்து 'மேலும் படிக்க' என்று காட்டும் அல்லவா, அந்த மடிப்புக்குள் கதை ஒளிந்துகொள்ளும். வேண்டியவர் தட்டிப் பார்க்கலாம். இரண்டு கிழமைக்குள் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறோம்.

அந்த வழக்கம் உங்கள் அறிவித்தலால் வந்ததில்லை என்பதைக் கவனியுங்கள். அடிபட்டு, ஆத்திரப்பட்டு, "இப்படிச் செய்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டு வந்தது. கிரிக்கெட்டுக்கும் அதே கதை. அன்டெனாவில் பார்க்கிறவருக்கும் டிஷ்ஷில் பார்க்கிறவருக்கும் இன்டர்நெட்டில் பார்க்கிறவருக்கும் ஒரே பந்து ஒரே நேரத்தில் வருவதில்லை. இன்டர்நெட்காரருக்கு பௌலர் ஓடி வரும்போதே அன்டெனாக்காரர் "அவுட்" என்று எழுதிவிடுவார். திட்டு வாங்கி வாங்கி, இப்போது ஓவர் முடியும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. குரூப்பைப் பூட்டியிருந்தால் இந்த ஒழுங்கு வந்திருக்குமா?

சில ஆட்கள் சண்டைக்கென்றே பிறந்தவர்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமையானால், எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க் (BARC) இந்தியா போடும் டிஆர்பி பட்டியலைத் தூக்கிக்கொண்டு வரும் அண்ணாவை உங்களுக்குத் தெரியும். "உங்கட நாடகம் முதல் அஞ்சுக்குள்ள இல்லையே" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு போடுவார். அண்ணாவுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அந்தக் கணக்கு இந்திய வீடுகளில் வைத்த மீட்டர்களிலிருந்து எடுப்பது. நீங்களும் நானும் கொழும்பில் விடிய விடியப் பார்த்தாலும் அதில் ஒரு புள்ளி கூடாது. நம்மை எண்ணிக்கையில் சேர்க்காத ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நமக்குள் குத்துப்படுகிறோம்! ஆனாலும் அண்ணா இல்லாத வியாழக்கிழமை எனக்கு வியாழக்கிழமை மாதிரி இல்லை. அவரையும் தூக்கிவிடாதீர்கள்.

சரி, இனிச் சிரிக்க முடியாத பக்கத்துக்கு வருவோம்.

2023 செப்டெம்பரில் மாரிமுத்து திடீரென்று இறந்துபோனார். சன் டிவியின் 'எதிர்நீச்சல்' நாடகத்தில் ஆதி குணசேகரனாக எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த மனிதர். அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். குரூப் இரண்டாகப் பிளந்தது. ஒரு அண்ணா எழுதினார்: "அந்த ஆளுக்குப் பதிலா இன்னொருத்தரைப் போடுறது சரியில்லை. அந்தப் பாத்திரத்தைச் சாகடிச்சிருக்கலாம், இல்லாட்டி நாடகத்தையே முடிச்சிருக்கலாம்." அதற்கு அந்த அக்கா: "ஒருத்தர் செத்துட்டார் எண்டதுக்காக லைட் பிடிக்கிறவனிலிருந்து சாப்பாடு கொண்டுவாறவன் வரைக்கும் அத்தனை பேருக்கும் சம்பளத்தை நிப்பாட்டுறதா?" எவ்வளவு நல்ல வாக்குவாதம்! பத்திரிகை விமர்சனத்தில்கூட இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டு நான் படிக்கவில்லை. அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினோம். டீச்சர் வந்து, மேடை நாடகத்தில் நடிகர் மாறுவது புதிதில்லையே, பாத்திரம் பெரிதா ஆள் பெரிதா என்று இன்னொரு திரியைக் கொளுத்திவிட்டார்.

அது ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எப்படித் திரும்பியது என்றும் ஞாபகம் இருக்கிறதா? அண்ணா ஒரு வொய்ஸ் கட் போட்டார். அரை நிமிடம் நாடகத்தைப் பற்றி. மிச்சம், "வீட்டில புருசன் இல்லாதவங்களுக்கு டிவிதானே எல்லாம்" என்று. அக்கா திருப்பிப் போட்டதும் நல்ல வார்த்தை இல்லை. அண்ணாவின் வேலை போனதைப் பற்றியது. குணசேகரன் அந்த நிமிடமே அந்த உரையாடலைவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இவ்வளவு காலமாக அந்த இரண்டு பேரும் எந்த நாடகத்தைப் பற்றிப் பேசினாலும் அந்த நாடகத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் நல்லது என்றால் இவர் குப்பை என்பார், இவர் குப்பை என்றால் அவர் பொக்கிஷம் என்பார். சென்ற மாதம் வெடித்ததும் அதே பழைய வெடிதான்.

அட்மின் வேலை என்று ஒன்று இருக்குமானால் அது அந்த வொய்ஸ் கட்டின் அரை நிமிடத்தில்தான் இருந்தது. பேச்சு நாடகத்திலிருந்து ஆளின் வீட்டுக்குள் கால் வைத்த இடம் அது. அங்கே ஒருவர் வந்து "அண்ணா, இதை எடுங்கள். அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள்" என்று எல்லோருக்கும் தெரிய எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அன்றைக்கு நீங்கள் நான்கு பேரும் ஆன்லைனில்தான் இருந்தீர்கள். ஒருவரும் வரவில்லை. பதிலுக்கு அடுத்த நாள், "நாடகங்களைப் பற்றித் தேவையில்லாத விவாதம் வேண்டாம்" என்று அறிவித்தல் வந்தது. டிவி குரூப்பில் நாடகத்தைப் பற்றி விவாதிக்காமல் மரக்கறி விலையையா விவாதிப்பது?

இலங்கை ஆள் ஒருவர் திரையில் வந்துவிட்டால் இந்தக் கோடு இன்னும் சீக்கிரம் அழிந்துவிடுகிறது. 2019இல் பிக் பாஸ் தமிழ் மூன்றாவது சீசனுக்கு லொஸ்லியாவும் தர்ஷனும் போனார்கள். சக்தி டிவியில் செய்தி வாசித்த பிள்ளை என்பதால் கொழும்பில் எல்லோருக்கும் முகம் தெரிந்தவர் லொஸ்லியா. ஒரு பக்கம் "எங்கட பிள்ளை", மறு பக்கம் "எங்கட மானம்". தகப்பனார் அந்த வீட்டுக்குள் வந்து மகளைக் கண்டித்த எபிசோட் போன இரவில் குரூப்பில் யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை. இந்தியப் போட்டியாளர் ஒருவர் அழுதால் அது அவர் பாடு. நம் ஆள் அழுதால் நாட்டுக்கே அவமானம் என்று எடுத்துக்கொள்கிறோம். 2022இல் ஜனனியும் ராப் பாடகர் ஏடிகேயும் போனபோதும் இதுதான். ஜனனி யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசினால் ஒரு முறைப்பாடு, பேசாவிட்டால் இன்னொரு முறைப்பாடு. எதிர்பார்ப்பு அவ்வளவு. அதிலும் தப்பில்லை, நம்மைத் திரையில் காண்பது அபூர்வம் என்பதால் வருகிற பதற்றம்.

ஆனால் 2023இல் நடந்ததை அப்படிச் சமாளிக்க முடியாது. ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மேடையில் யாழ்ப்பாணத்திலிருந்து கில்மிஷாவும் மலையகத்திலிருந்து அசானியும் பாடினார்கள். கில்மிஷா பட்டம் வென்றார். இரண்டும் சின்னப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் மேடையில் எப்படியிருந்தார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பகை ஒன்றையும் நான் காணவில்லை. பகையெல்லாம் கீழே இருந்த பெரியவர்களிடம். "தோட்டத்து" என்று தொடங்கி ஒருவர் எழுதிய வார்த்தையை நான் இங்கே திருப்பி எழுதமாட்டேன். அதற்குப் பதிலாக வடக்கு ஆட்களைப் பற்றி இன்னொருவர் எழுதியதையும் எழுதமாட்டேன். மலையகத்துப் பிள்ளையான ஹட்டன் பையன் அதற்குப் பிறகு பல நாள் ஒன்றும் எழுதவில்லை. வெளியே போகவும் இல்லை, நீல டிக் மட்டும் விழும். அந்த வார்த்தையை எழுதியவர் இன்றும் உள்ளே இருக்கிறார், காலை வணக்கம் படம் போடுகிறார். அதை நீங்கள் அழிக்கவில்லை. 'ஏன் அக்காவை எடுத்தீர்கள்?' என்ற மூன்று வார்த்தையை அழித்தீர்கள். எது ஆபத்தானது என்று உங்களுக்குத் தோன்றியது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே 2023 நவம்பரில், பிக் பாஸ் ஏழாவது சீசனில் பிரதீப் அந்தோணிக்கு ரெட் கார்ட் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். வீட்டிலிருந்த பலர் சேர்ந்து, பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று முறையிட்டதன் பேரில் கமல்ஹாசன் அறிவித்த முடிவு. அது சரியா பிழையா என்ற கேள்விக்குள் நான் மறுபடி இறங்கவில்லை; இறங்கினால் இந்த மடல் முடியாது. ஆனால் அன்றைக்கு குரூப்பில் யார் என்ன எழுதினார்கள் என்று மேலே தள்ளிப் பாருங்கள். "அவர் பக்கத்தைக் கேட்காமல் எப்படி அனுப்பலாம்?" என்று பந்தி பந்தியாக எழுதியவர்களில் உங்களில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். கமலுக்கு நியாயம் கற்பித்தீர்கள். அவராவது எல்லோருக்கும் முன்னால், கேமராவுக்கு முன்னால், காரணத்தைச் சொல்லி அனுப்பினார். உங்கள் ரெட் கார்ட் ராத்திரி ஒன்றரை மணிக்கு, காரணம் இல்லாமல் வந்தது. அதிலும் அந்த ராத்திரி அக்காவோடு சண்டை பிடித்தவர் உங்களில் ஒருவரின் நெருங்கிய சொந்தம். குரூப் முழுக்க அது தெரியும். சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

உங்கள் கஷ்டம் எனக்கு விளங்காமல் இல்லை. சம்பளம் இல்லாத வேலை. நடுச்சாமத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் தனித்தனியாக போன் எடுத்து அழுவார்கள். ஒருவர் இன்பொக்ஸில் பேசியதை இன்னொருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்களுக்கு அனுப்புவார். வட்ஸ்அப்பும் உங்களுக்கு உதவி செய்வதில்லை. ஒரு ஆளின் வாயை மட்டும் இரண்டு நாளைக்குக் கட்ட அதில் வழி கிடையாது. டெலிகிராமில் அந்த வசதி இருக்கிறது. வட்ஸ்அப்பில் ஒன்று ஆளைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோர் வாயையும் சேர்த்துக் கட்ட வேண்டும். கையில் இரண்டே ஆயுதம், இரண்டும் பெரிது.

ஆனால் அந்த ஆயுதத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாவிக்கலாமே. "இன்னார் இன்ன வார்த்தை எழுதினார், அதனால் புதன்கிழமை வரைக்கும் வெளியே இருப்பார், புதன்கிழமை காலையில் நானே சேர்ப்பேன்" என்று குரூப்பில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் போகும்? போனவருக்கும் தெரியும், இருப்பவர்களுக்கும் தெரியும். வதந்திக்கு இடமில்லை. இப்போது அக்காவைப் பற்றி என்னவெல்லாம் கதை ஓடுகிறது தெரியுமா? காசு வாங்கினாராம், வேறு குரூப்புக்கு ஆள் சேர்த்தாராம். உங்கள் மௌனம் கட்டிய கதைகள் இவை. அவர் ஒரு மரியாதையான மனுஷி. சலூன் அண்ணாவின் மகளுக்குச் சோதனை நேரத்தில் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், ஒரு சதம் வாங்காமல்.

இதையெல்லாம் கேட்டால் உங்களில் ஒருவர், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டுகிறார். "சட்டம் வந்திட்டுது, ஏதும் நடந்தா அட்மினைத்தான் பிடிப்பாங்க." 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட நியாயமான காரணங்கள் இருக்கின்றன, பத்திரிகையாளர்களும் உரிமை அமைப்புகளும் அதை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள். பேச்சுச் சுதந்திரத்தை அது நெருக்கும் என்பதுதான் அவர்களுடைய பயம். அதே சட்டத்தைக் காட்டி நீங்கள், ஒரு மாமியார் பாத்திரம் நல்லவளா கெட்டவளா என்று பேசுகிறவர்களின் வாயை மூடுவது பெரிய பகிடி. இனத்தை இழுத்துத் திட்டுகிற மெசேஜுக்கு வராத சட்டப் பயம், உங்களைக் கேள்வி கேட்கிற மெசேஜுக்கு மட்டும் ஏன் வருகிறது?

ஆகவே கேட்கிறேன். குரூப்பைத் திறந்துவிடுங்கள். அக்காவைத் திருப்பிச் சேர்த்து, எடுத்ததற்கு என்ன காரணம் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள். காரணம் சரியானதாக இருந்தால் நானே உங்கள் பக்கம் நிற்பேன். அக்காவுக்கும் வாய் நீளம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவருக்கும் ஒரு பதில் சொல்ல இடம் கொடுங்கள். அந்த அண்ணாவையும் தூக்க வேண்டாம். அந்தப் பழைய வொய்ஸ் கட்டுக்கு மட்டும் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்கிக் கொடுங்கள். இனி ஊரை, சாதியை, பேச்சுத் தமிழை, ஒருவரின் குடும்ப நிலையை, போட்டிக்கு வருகிற சின்னப் பிள்ளைகளின் நிறத்தை யாராவது இழுத்தால், அங்கே யோசிக்கவே வேண்டாம், உடனே எடுங்கள், ஆனால் அதையும் சொல்லிவிட்டு எடுங்கள். மற்றபடி எந்த நாடகம் குப்பை, எந்த நடுவர் பக்கச்சார்பு, எந்தப் புரோமோ பொய் என்று நாங்கள் அடிபடும்போது போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடியுங்கள். தனிப்பட்ட பேச்சின் ஸ்கிரீன்ஷொட்டை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்குகிறவர் இருப்பதால்தான் எடுக்கிறவர் இருக்கிறார்.

அப்புறம், சண்டையில் ஒரு பக்கம் உங்கள் சொந்தக்காரர் நின்றால் அந்த அட்மின் ஒதுங்கிவிட வேண்டும். ஒதுங்குவதற்கு மற்ற அட்மின் வேறு மாதிரியான ஆளாக இருக்க வேண்டும். நான்கு அட்மினும் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில், நான்கு பேரும் ஒரே பழைய பள்ளிக்கூடம். பெண்கள் பாதிக்கு மேல் இருக்கிற குரூப்பில் பெண் அட்மின் ஒரே ஒருவர், அவரும் மற்ற அட்மின் ஒருவரின் மனைவி. இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள். ஹட்டன் பையன் கணக்கெழுதுகிற ஆள், எதையும் நிதானமாகப் பார்ப்பான், அவனைக் கேளுங்கள். ராத்தாவைக் கேளுங்கள், அவர் இதுவரைக்கும் எத்தனை சண்டையை ஒரு வரியில் முடித்திருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். என்னை மட்டும் கேட்காதீர்கள். எட்டரைக்குப் பிறகு எங்கள் வீட்டில் நாடகம் முடியும்வரை போனைத் தொட அம்மா விடமாட்டார்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு உறுப்பினர் (இன்னும் தூக்கப்படவில்லை)